ஞாயிற்றுக்கிழமைகளில் குறைந்த பால்

நீல நிற வாளி ஒன்று. ஒரு காலத்தில் பெயிண்ட் வந்த வாளி. அடிப்பக்கம் நல்ல தடிப்பு, கைப்பிடி அறுந்துபோய் அந்த இடத்தில் நைலான் கயிறு கட்டியிருக்கும். டெங்கிலில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டியிருந்த சித்தப்பாவின் மாட்டுக்கொட்டகையில், ஒரு சாயங்காலம் மெர்டேக்கா என்ற பசு அந்த வாளிக்குள் காதுவரை தலையை விட்டுத் தின்றுகொண்டிருந்தாள். ஆகஸ்டு கடைசி நாளில், ஊரெல்லாம் கொடி பறந்துகொண்டிருந்தபோது பிறந்ததால் அந்தப் பெயர்; மலாயில் சுதந்திரம் என்று அர்த்தம். அவள் மடிக்குக் கீழே சித்தப்பா குந்தி உட்கார்ந்து கறந்துகொண்டிருந்தார். முன்னால் ஒரு வாளி காலியாகிக்கொண்டே போக, பின்னால் ஒரு வாளி நுரை பொங்க நிறைந்துகொண்டே வந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் என் கண் இரண்டு வாளிக்கும் நடுவில் நின்ற உடம்பின் மேல் போய் மாட்டிக்கொண்டது. முதுகெலும்பு முடிச்சு முடிச்சாகத் தெரிந்தது. இடுப்பெலும்புகள் தோலுக்குள் மாட்டிய ஹேங்கர் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன. வாலுக்கு இரண்டு பக்கமும் கை வைத்தால் புதையும் அளவுக்குக் குழி. வாளியில் போவதைவிட அதிகம் மடியில் வருகிறது என்றால் மிச்சம் எங்கிருந்து வருகிறது? அவள் தன்னையே கறந்து கொடுக்கிறாள். பல்கலைக்கழகத்தில் பரீட்சைக்காக மனப்பாடம் செய்து, எழுதி, மறந்துபோன ஒரு பாடம் அந்த நொடியில் என் முன்னால் எலும்பும் தோலுமாக வந்து நின்று வாலாட்டியது. எத்தனை தடவை ஊசி போட்டும் சினை நிற்காத இந்த மாடு மலடு இல்லை. இது கர்ப்பத்தைத் தள்ளிப்போடுகிறது. அதற்கு இப்போது வசதிப்படவில்லை, அவ்வளவுதான்.

சித்தப்பாவிடம் அங்கேயே சொன்னேன். அவர் மடியிலிருந்து கையை எடுக்காமல் கேட்டார்: "அப்போ நம்ம மெர்டேக்கா பேமிலி பிளானிங் பண்ணிக்கிட்டு இருக்கா, அப்படித்தானே புரொபசர்?"

என்னைப் புரொபசர் என்று கூப்பிட்டது அவர் ஒருவர்தான். மற்றவர்கள் கூப்பிட்ட பெயர்கள் வேறு. கால்நடை அறிவியல் படிக்கப் போகிறேன் என்று நான் சொன்னபோது பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் ஒரு வாரம் துக்க வீடுபோல இருந்தது. மாட்டு டாக்டர் படிப்பாவது பரவாயில்லை, மாட்டுக்குச் சாப்பாடு போடுவதற்கு ஒரு பட்டமா என்று பெரியம்மா கேட்டார். அப்பா தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார். அன்றைக்குப் பால் ஊற்ற வந்த சித்தப்பா, ரப்பர் பூட்ஸோடு வாசலிலேயே நின்று, தான் இத்தனை வருஷமாகப் பட்டம் இல்லாமலேயே அதைத்தான் செய்வதாகவும், வீட்டில் ஒருத்தருக்காவது அதில் சான்றிதழ் இருக்கட்டுமே என்றும் சொன்னார். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். சிரித்த பிறகு யாராலும் என்னைத் தடுக்க முடியவில்லை. அந்த ஒரு சிரிப்பின் மேல் ஏறித்தான் நான் படிப்பை முடித்தேன். அதனால்தான் பின்னால் நடந்ததை வேறு யார் செய்திருந்தாலும் எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அந்த வாளியில் இருந்தது சோயாச் சக்கை. தவு, அதாவது டோஃபு, செய்யும் ஆலையில் சோயாவை அரைத்துப் பால் பிழிந்தபின் மிஞ்சும் ஈரச் சக்கை. கொட்டகைக்காரர்கள் அதை அம்பாஸ் என்பார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் மாடு வைத்திருக்கும் நம்மவர்களில் பாதிப் பேருக்கு அதுதான் ஆதாரம். ஸ்ரீ கெம்பாங்கானில் ஆலைக்குப் பின்பக்கம் விடிவதற்குள் வேனை நிறுத்தினால் நீலப் பீப்பாய்களில் அள்ளிக்கொண்டு வரலாம். மாட்டுக்கு அது அல்வா மாதிரி. போட்டால் மறுநாளே மடியில் தெரியும். "வாயில போட்டா மடியில வரும்" என்பதுதான் சித்தப்பாவின் ஒரே தத்துவம். அதில் பொய் இல்லை. ஆனால் அது பாதி உண்மை. சக்கையில் புரதம் நிறைய. மாட்டின் முதல் வயிற்றில் அந்தப் புரதம் சடசடவென்று உடையும்; அதைப் பிடித்து வேலை வாங்க அதே நேரத்தில் மாவுச்சத்தும் அங்கே இருக்கவேண்டும். இல்லாவிட்டால் மிஞ்சியது யூரியாவாகி இரத்தத்தில் சுற்றும், கருப்பைக்கும் போகும். அங்கே அப்போதுதான் ஒட்டப் பார்க்கும் கருவுக்கு அந்த வீடு பிடிக்காது. இன்னொரு பக்கம், புரதம் பாலைத் தூண்டிவிடும். அந்தப் பாலுக்கு வேண்டிய சக்திக்குத் தீனி போதாமல் மாடு தன் கொழுப்பைக் கரைக்கும். கரையக் கரைய சினைப்பை தூங்கப் போய்விடும். பால் வரும், கன்று வராது. கன்று வராவிட்டால் அடுத்த பாலும் வராது. இதைச் சொன்னபோது சித்தப்பா, "ரெண்டு வெட்டிங் கார்டு வந்துருக்கு, ரெண்டும் ஒரே நாளு, அந்த மாதிரியா?" என்றார். அந்த மாதிரிதான்.

சினை நிற்காத மாடு என்ன ஆகும் என்பது எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்லமாட்டார்கள். கிள்ளானிலிருந்து வியாபாரி லோரியோடு வருவார். மாடு ஏறிப்போகும். அன்றைக்குக் கொட்டகைக்காரர் குளித்து, நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு, கேட்பவர்களிடம் "வேற கொட்டகைக்குப் போயிருக்கு" என்பார். எந்தக் கொட்டகை என்று கேட்பது எங்கள் பழக்கத்தில் இல்லை. சிறுமியாக இருந்தபோது, எங்கோ தொலைவில் ஒரு பெரிய கொட்டகை இருக்கிறது, நம் மாடுகளெல்லாம் அங்கே சேர்ந்து புல் தின்கின்றன என்று உண்மையாகவே நம்பியிருந்தேன். மெர்டேக்கா போன தடவையே சினைக்கு நீண்ட காலம் எடுத்துக்கொண்டவள். இந்தத் தடவை கன்று போட்டு மாதங்கள் ஓடியும், சினை ஊசி போட்ட ஒவ்வொரு முறையும், சினை நிற்காமல், திரும்பப் பருவத்துக்கு வந்து கத்தினாள். சித்தப்பா வியாபாரியிடம் பேச ஆரம்பித்திருந்தார். நான் குறுக்கே விழுந்தேன். அவளையும், அவளைப் போலவே சினை நிற்காத இன்னும் சில மாடுகளையும் கொட்டகையின் ஒரு பக்கத்தில் எனக்கென்று ஒதுக்கித் தரவேண்டும், தீனி நான் சொல்கிறபடி, தைப்பூசம் முடிந்து ஒரு மாதம்வரை யாரையும் விற்கக்கூடாது. பால் முதலில் குறையும், பயப்படக்கூடாது என்று முன்கூட்டியே சொன்னேன். திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் கையை ஜெர்சிச் சட்டையில் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "டீல்."

என் திட்டம் ராக்கெட் விடுவது இல்லை. அம்பாஸைப் பேருக்குக் கொஞ்சம் வைத்து மிச்சத்தை நிறுத்துவது. செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கு, காய்ந்த மரவள்ளி, கொஞ்சம் கரும்புப்பாகு, தாதுஉப்பு. வடிகால் ஓரம் வெட்டும் முற்றிய புல்லுக்குப் பதில், இளசாக வெட்டி நறுக்கிய நேப்பியர். அப்போது எனக்குக் கிள்ளானில் ஒரு தீவனக் கடையில் வேலை. வேலை முடிந்ததும் நெரிசலில் ஊர்ந்து டெங்கிலுக்கு வந்து, மறுநாள் காலைத் தீனியைக் கலந்து, ஒவ்வொரு மாட்டின் பெயரும் எழுதிய பீப்பாயில் போட்டு மூடிவிட்டு, நாற்றத்தோடு வீடு திரும்புவேன். மின்ரயிலில் என் பக்கத்து இருக்கை எப்போதும் காலியாக இருந்ததாக நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். உண்மையில் என்னிடம் இருந்தது கஞ்சில் என்னும் ஓட்டைக் குட்டிக் கார்தான். விடியற்காலைத் தீனி வைப்பதும் கறப்பதும் சித்தப்பா. கறக்கும்போது நான் அங்கே இருக்கமுடிந்தது ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் மட்டும்.

பால் குறையவில்லை. கூடியது. சித்தப்பா காலையில் குறுஞ்செய்தி அனுப்புவார், கூடவே பால் கேனின் படம், படத்தில் அவருடைய கட்டைவிரல். நான் தீவனக் கடையின் கழிவறையில் நின்று அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். புத்தகம் குறையும் என்கிறது, என் மாடு கூட்டுகிறது! புத்தகத்தில் இல்லாத ஏதோ ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று தோன்றியது. மரவள்ளியா, பாகா, இரண்டும் சேர்ந்த ஏதோ வித்தையா என்று இரவெல்லாம் படித்தேன். ஒன்றே ஒன்றுதான் இடித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பால் கொஞ்சம் இறங்கும். நான் வந்து நிற்பதால் மாடு மிரள்கிறதோ என்று நினைத்து ஒரு ஞாயிறு சித்தியின் பழைய கைலியைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தேன். அப்போதும் இறங்கியது. சித்தப்பா சிரித்தார். "ஞாயித்துக்கெழம மாட்டுக்கும் லீவுலா புரொபசர். ஓவர்டைம் குடு, கறக்கும்." நானும் சிரித்தேன். சாணி இளகலாக இருந்ததையும் பார்த்தேன். பாகு கூடிவிட்டது போல என்று பாகைக் குறைத்தேன்.

அந்த மகிழ்ச்சியில் வாய் சும்மா இருக்குமா? கிள்ளானில் ஒரு கோயில் மண்டபத்தில் மாடு வளர்க்கும் நம்மவர்கள் கூடிப் பேசும் கூட்டம் ஒன்று நடந்தது. சித்தப்பாதான் என்னைப் பேசவைக்கச் சொல்லி ஏற்பாடு செய்திருந்தார். நான் மைக்கைப் பிடித்து, அம்பாஸை நம்பியே மாட்டை அழிக்கிறோம் என்று ஆரம்பித்தேன். பால் குறையாமலேயே, சொல்லப்போனால் கூட்டியே, தீனியை மாற்றலாம் என்றேன். படங்கள் காட்டினேன். முன்வரிசையில் ஒரு தாத்தா, சினை நின்றதா என்று கேட்டார். நிற்கும் என்றேன், கேள்வி முடிவதற்குள். பேசி முடித்தபோது முதலில் கை தட்டியது பின்வரிசையிலிருந்து சித்தப்பா. எழுந்து நின்று தட்டினார். பக்கத்திலிருந்தவரிடம், என்னைக் காட்டி, எங்க வீட்டுப் பிள்ளை என்று சொன்னது எனக்கே கேட்டது. அந்தக் கைதட்டலை இப்போது நினைத்தாலும் காது மடல் சூடாகிறது. தட்டும்போது அவருக்குத் தெரியும். அந்த மண்டபத்தில் தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

தைப்பூசம் வந்தது. சித்தப்பாவின் வேன் பிரிக்பீல்ட்ஸையும் பங்சாரையும் சுற்றிச் சுற்றி வந்தது. பால்குடம் எடுக்கும் வீடுகளுக்கெல்லாம் வருஷா வருஷம் அவர் பால்தான். பால்குடத்துக்கு என்று ஒருவர் கேட்டுவிட்டால் இல்லை என்று சொல்லக்கூடாது என்பது அவர்கள் தொழிலில் ஒரு கட்டு. கடையில் வாங்கும் பெட்டிப்பாலைக் குடத்தில் ஊற்ற எந்த வீட்டுக்கும் மனசு வராது. பத்துமலையின் படிகளில் ஏறிப்போன எத்தனையோ குடங்களில் மெர்டேக்காவின் பால் இருந்தது. எனக்கு அதில் ஒரு கர்வம்கூட. ஆனால் பூசம் முடிந்த கையோடு அவள் மறுபடியும் கத்தினாள். ஊசி போட்டும் சினை நிற்கவில்லை. மற்றவையும் ஒவ்வொன்றாக. கருவூட்ட வரும் அண்ணன், மாட்டைத் தடவிப் பார்த்து, உடம்பில் ஒன்றும் இல்லையே என்று மட்டும் சொன்னார். நான் தாதுஉப்பை மாற்றினேன். ஊசி போடும் நேரத்தை மாற்றினேன். புல்லை நறுக்கும் நீளத்தைக்கூட மாற்றினேன். சந்தேகப்படுவதற்கு மிச்சமில்லாமல் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன், மனிதரைத் தவிர.

ஒருநாள் வேலை முடிந்து வந்தபோது மெர்டேக்காவின் இடம் கழுவிக் காய்ந்திருந்தது. சித்தப்பா குளித்து, திருநீறு பூசியிருந்தார். பேசிய தவணைக்கு இன்னும் நாள் இருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை; கேட்கும் தகுதி இல்லை என்று நினைத்தேன். என் தீனி, என் படிப்பு, என் நேப்பியர். எதுவும் அவளைக் காப்பாற்றவில்லை. தீவன மூட்டையின் மேல் உட்கார்ந்து அழுதேன். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். முதுகில் தட்டினார். "உன் மேல தப்பே இல்ல புரொபசர். அந்த மாடு அவ்ளோதான். வேற கொட்டகைக்குப் போயிருக்கு." வளர்ந்த பெண்ணிடம், கால்நடைப் பட்டம் வாங்கியவளிடம், அதைச் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். அன்றைக்கு எனக்கு அந்தப் பொய் வேண்டியிருந்தது. மெர்டேக்காவின் கன்று, கெச்சில், மலாயில் சின்னது, என்று நாங்கள் கூப்பிடும் குட்டிப் பெண், மூலையில் நின்று என் பையின் வாரைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

பிறகு கிள்ளானிலிருந்து ஒரு போன். அந்தக் கூட்டத்தில் என் பேச்சைக் கேட்ட அண்ணன் ஒருவர். சொன்னபடியே தீனியை மாற்றினாராம், பால் இறங்கிவிட்டதாம். பால் குறையாதுன்னு மைக்ல சொன்னியே தங்கச்சி, உன் மாட்டுக்கு மட்டும் என்ன மந்திரம், எங்களுக்கும் அந்தத் தாயத்தைக் குடுக்கக் கூடாதா என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். இரண்டு கொட்டகைக்கும் என்ன வித்தியாசம் என்று நாள் முழுக்க மண்டையைக் குடைந்தேன். பேருக்கு நாங்கள் வைத்திருந்த அந்தக் கொஞ்சம் அம்பாஸ் ஒருவேளை எங்கள் ஆலையில் வேறு தரமோ? எடுத்துச் சோதித்துப் பார்க்கலாம் என்று விடுப்பு எடுத்துக்கொண்டு ஸ்ரீ கெம்பாங்கான் ஆலைக்குப் போனேன்.

ஆலைக்காரம்மா பின்பக்கத்தில் பீப்பாய்களைக் குழாயால் கழுவிக்கொண்டிருந்தார். நான் யாருடைய அண்ணன் மகள் என்று சொன்னதும் முகம் மலர்ந்தது. மலாயில் பேசினார். ஓ, அந்தப் படித்த பெண் நீதானா, உன் சித்தப்பா சொல்லிச் சொல்லி உன்னை எனக்குத் தெரியும் என்றார். அவருக்காக மற்றவர்களிடம் நிறுத்தி அவருக்குத்தான் கூடுதலாகக் கொடுக்கிறேன், தீபாவளிக்கு அப்புறம் ரொம்பவே கூட எடுக்கிறார் என்றார். நான் எதற்கு என்று கேட்டேன். எனக்கே என் குரல் யாரோ கேட்ட மாதிரி இருந்தது. அவர் சிரித்தார். "லெம்பு காமு பூஞா லா. குவாட் மாக்கான், டியா சாக்காப்."

உன் மாடுகளுக்குத்தானாம். நன்றாகத் தின்கின்றனவாம்.

ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக என் கண்முன் வந்து நின்றன. நான் இருக்கும் காலைகளில் நீல வாளி வராது; வாளியோடு பழகிய மாடு அது முன்னால் இல்லாமல் பாலை முழுக்க விடாது. மற்றக் காலைகளில் என் தீனிக்கு மேல் வரும். ஒரு விளக்கமும் தேவைப்படாத அளவுக்கு எளிமையான விஷயம். புரதத்தின் மேல் புரதம், பாலின் மேல் பால், அதற்கு விலையாக மெர்டேக்காவின் இடுப்பெலும்பு. எதை நிறுத்தினால் அவள் பிழைப்பாள் என்று சொன்னேனோ, அதையே என் பெயரைச் சொல்லி வாங்கி, எனக்கென்று ஒதுக்கிய பக்கத்தில் கொட்டியிருக்கிறார். அதன்பின் அவளை லோரியில் ஏற்றி, என் முதுகில் தட்டியிருக்கிறார்.

சாயங்காலம் போனபோது கொட்டகை வாசலில் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் ஆலைக்குப் போய்வந்தேன் என்று மட்டும் சொன்னேன். குழாயை மூடினார். மறைக்கப் பார்க்கவில்லை, அதற்காவது நன்றி.

"மொத வாரமே பால் எறங்கிருச்சும்மா" என்றார். புரொபசர் இல்லை, அம்மா. "நீ சொன்னதுதான், எறங்கும்னு. ஆனா எறங்கறத பாக்க முடியல. நீ வேற ஆசையா போட்டா அனுப்பச் சொல்ற. கொறஞ்ச கேன எப்படி அனுப்புறது?"

"அதுக்காக?"

"பூசத்துக்கு அத்தன வீட்டுக்குச் சொல்லிட்டேன். யார்ட்ட போயி இல்லன்னு சொல்ல?"

"கூட்டத்துல எந்திரிச்சு நின்னு கை தட்டுனீங்களே சித்தப்பா."

நல்லாத்தானேம்மா பேசுன, என்றார். அது சமாதானம் என்று உண்மையாகவே நினைத்தார். நான் பீப்பாய்களில் எழுதியிருந்த பெயர்களைத் துடைக்கக்கூட நிற்காமல் காரை எடுத்தேன்.

அவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட்டால் எனக்கு வசதி. முடியவில்லை. எதிரி குழி பறித்தால் எட்டிக் குதிக்கலாம். நம்மை விழாமல் பிடிப்பதாக நினைத்துக்கொண்டு ஒருவர் பறித்த குழியில் எப்படி விழுவது, எப்படி எழுவது என்று யாரும் சொல்லித்தரவில்லை. பால் இறங்கினால் நான் சோர்ந்துபோவேன் என்று அவர் நினைத்தாராம். பின்னால் சித்தி சொன்னார். நான் சோர்ந்திருப்பேன். சில வாரங்கள் சோர்ந்திருப்பேன். பிறகு ஒரு நாள் மெர்டேக்காவுக்குச் சினை நின்றிருக்கும், அல்லது நிற்காமலே போயிருக்கும், எதுவானாலும் அது எனக்குக் கிடைத்த பதிலாக இருந்திருக்கும். அவர் எடுத்துக்கொண்டது அந்தப் பதிலை. என் தீனி சரியா தவறா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மெர்டேக்கா போனதைவிடச் சில நாள் அதுதான் அதிகம் எரிகிறது. அப்படி எரிவதற்காக என்மேலேயே கோபம் வருகிறது. கிள்ளான் அண்ணனுக்குப் போன் செய்து, மந்திரம் என்ன என்பதைச் சொன்னேன். சொந்தக்காரனா, என்று மட்டும் அவர் கேட்டார். ஆமாம் என்றேன். அப்ப சரி, என்றார், எல்லாம் விளங்கிவிட்ட மாதிரி.

அந்த அண்ணனுடைய கொட்டகையில்தான், கிள்ளானில், இப்போது எனக்கென்று ஒரு மூலை வாடகைக்கு இருக்கிறது. அவர் தீனியைப் பாதியில் விட்டுவிட்டார்; நான் தொடங்கியதை நான்தான் முடிக்கவேண்டும் என்பது அவருடைய நியாயம். இரண்டு வருஷம் சித்தப்பாவும் நானும் கல்யாண வீடுகளில் எதிரெதிர் மேசையில் சாப்பிட்டோம். போன மாதம் ஒரு காலையில் லோரி ஒன்று வந்து பின்னால் திருப்பி நிறுத்தியது. பலகை இறங்கியதும் கெச்சில் இறங்கினாள். பெயர்தான் கெச்சில், நிறைமாதச் சினையாக, என் தோளுக்கு மேல் உயரமாக, அம்மாவின் அதே வெள்ளை நெற்றியோடு நின்றாள். பின்னாலேயே சித்தப்பா, அதே பூட்ஸ். கையில் நீல வாளி, உள்ளே அவளுடைய கயிறும் மணியும். உள்ளே வரவில்லை. "இதுக்கு வாயில போட எனக்குப் பயமா இருக்கும்மா. நீயே பாத்துக்க" என்றார். வேற கொட்டகைக்குப் போயிருக்கு என்று அவர் சொல்லிக்கொள்ளும் மாடுகளில், உண்மையாகவே வேறு கொட்டகைக்கு வந்தது இவள் ஒருத்திதான். நான் கயிற்றை வாங்கிக்கொண்டேன். தண்ணீர் குடிக்கிறீர்களா என்றுகூடக் கேட்கவில்லை. லோரி திரும்பும் வரை அவர் கெச்சிலைத்தான் பார்த்தார்.

கன்று போட்டுவிட்டாள். பால் ஏறுகிறது, முதுகெலும்பு தெரிய ஆரம்பிக்கிறது. அதே பாடம், இன்னொரு தடவை. தைப்பூசமும் பக்கத்தில் வந்துவிட்டது. இந்தத் தடவை மாட்டிடம் போவதற்கு முன்னால் பிரிக்பீல்ட்ஸுக்குப் போனேன். சித்தப்பாவிடம் வருஷா வருஷம் பால்குடத்துக்குப் பால் வாங்கும் வீடுகளில் ஒவ்வொரு படியாக ஏறி, இந்த வருஷம் கெச்சிலின் பாலும் குடத்துக்கு வரும், ஆனால் கொஞ்சமாகத்தான் இருக்கும், மாட்டுக்குத் தீனி மாற்றப்போகிறேன், சினைக்காக, என்று சொன்னேன். திட்டு வாங்கத் தயாராகத்தான் போனேன். மூன்றாவது மாடி ஆன்டி கதவுக் கம்பி வழியாகவே கேட்டுக்கொண்டிருந்தார். "கொறஞ்சா கொறையட்டும்மா. கொடத்துல கொஞ்சம் ஊத்தி மேல தண்ணி ஊத்துனா முருகன் என்னா டேஸ்ட் பண்ணியா பாக்கப்போறாரு? மாட்டு வயித்துல புள்ள நிக்கட்டும், அதான் புண்ணியம்." பிறகு யோசித்துவிட்டு, "இத உங்க சித்தப்பா எங்கள்ட்ட ஒரு வார்த்தை கேட்டதே இல்லியே" என்றார்.

கேட்டதே இல்லை. யாரிடமும் கேட்டுப் பார்க்காத ஒரு பயத்துக்காக ஒரு மாடு போயிருக்கிறது.

வருகிற திங்கட்கிழமை கெச்சிலுக்குத் தீனி மாறுகிறது. மரவள்ளி வந்து இறங்கிவிட்டது, நேப்பியர் இளசாக நிற்கிறது, இந்த மூலைக்குள் அம்பாஸ் வராது. வேலையையும் மாற்றிக்கொண்டேன், விடியற்காலையில் தீனி வைப்பது இனி நான். கறப்பதற்குத்தான் எனக்கு இன்னும் கை பழகவில்லை. நேற்று இரண்டு வருஷத்துக்குப் பிறகு சித்தப்பாவுக்கு நானாகப் போன் செய்தேன். தினமும் காலையில் வந்து நீங்கள்தான் கறக்கவேண்டும் என்றேன். பால் இறங்கும், உங்கள் கையிலேயே இறங்கும், இறங்கியதை அப்படியே படம் எடுத்து அனுப்பவேண்டும், நான் பக்கத்திலேயே நின்றாலும் அனுப்பவேண்டும் என்றேன். ஞாயிற்றுக்கிழமையுமா என்று கேட்டார். அது கேலியா, பயமா, எனக்குப் பிடிபடவில்லை. ஞாயிற்றுக்கிழமையும்தான் என்றேன். சரி புரொபசர், என்றார். அவரை மன்னித்துவிட்டேனா என்று சித்தி கேட்டார். தெரியவில்லை. முதலில் பால் இறங்கட்டும்.

அந்த நீல வாளியைத் தேய்த்துக் கழுவி, கெச்சிலின் பக்கத்தில் கவிழ்த்துப் போட்டு வைத்திருக்கிறேன். அவர் உட்கார்ந்து கறப்பதற்கு.